பத்தொன்பது மில்லிமீற்றர்

காகித அளவுகோலை முன்பற்களுக்கிடையில் நிறுத்தி
டாக்டர் ஆஷ்லிமான் வாசித்தார்:
பத்தொன்பது.
மூன்று விரலை அடுக்கி நுழைக்கவேண்டிய வாசலில்
ஒன்றரை விரல்தான் போகிறது.

பேர்ண் நகரத்தில் இந்த ஆஸ்பத்திரிக்குத்
தீவு என்று பெயர்.
ஒரு தீவில் இருந்து ஓடிவந்தவள்
இன்னொரு தீவில் வாயைத் திறக்கப் பார்க்கிறேன்.

என் பெயரின் நீளத்தைக் கண்டதும்
கணினி கேட்காமலே ஒரு மொழிபெயர்ப்பாளரை
ஒழுங்குபண்ணிவிட்டது.
மூலைக் கதிரையில் தூண் நகரத்தில் பிறந்த பெடியன், ஆரூரன்.
"அக்கா, மூட்டுக்குள்ள ஒரு பிளேட் இருக்காம்,
அது வழுக்கி முன்னுக்கு வந்திட்டுதாம்."
பிளேட் இல்லையடா, வட்டு. குருத்தெலும்பு வட்டு.
திருத்துவதற்கும் வாய் வேண்டும்.
ம் என்றேன்.

பதினோரு வருடம் இதே வேலையைச் செய்தவள்.
அகதி விசாரணை அறையில், பிரசவ வார்டில்,
விவாகரத்து மேசையில்.
கதைப்பவரின் 'நான்' என் வாயிலும் 'நான்' ஆகவேண்டும்,
அதுதான் விதி.
"என்னைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார்கள்"
என்று சொன்னது நான்.
"என் பிள்ளை காலையில் இருந்து அசையவில்லை"
என்று சொன்னதும் நான்.
பின்னேரம் மணிக்கணக்கை எழுதிக் கையெழுத்து வாங்கி
ட்ராமில் ஏறினால்
காதுக்கு முன்னால் ஒரு டிக்.
கதவுச் சத்தம் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன்.

குகனேசன் தலையணையோடு அடுத்த அறைக்குப் போனது மார்கழியில்.
"மாவரைக்கிற மில்லோட எப்பிடிப் படுக்கிறது?"
பல்லைக் கடித்துக்கொண்டு இரு, எல்லாம் சரிவரும் என்று
எல்லாரும் சொன்னார்கள்.
இருந்தேன்.
கடைவாய்ப் பற்கள் தேய்ந்து மேசைபோல் தட்டையாகும்வரை.

டாக்டர் பிளாஸ்ரிக் மண்டையோட்டின்
கீழ்த்தாடையைக் கழற்றி மாட்டிக் காட்டினார்.
முதலில் கழுவிப் பார்க்கலாம்:
காதோரம் இரண்டு ஊசி,
ஒன்றால் உப்புநீர் உள்ளே, மற்றதால் வெளியே.
இல்லையென்றால் குண்டூசித் துளையால் ஒரு கமரா,
உள்ளே ஒட்டிக்கிடப்பதைப் பிரித்துவிட.
அதற்கும் மசியாவிட்டால் காதின் முன்னே கீறித் திறந்து
வட்டை இழுத்துத் தைப்பது, அல்லது எடுத்தேவிடுவது.
கடைசியாக — இங்கே குரலைத் தாழ்த்தினார் —
முழு மூட்டையும் உலோகத்தில் மாற்றுவது.
திறந்தால் முகநரம்புக்குப் பக்கத்தால்தான் போகவேண்டும்.
புருவத்தை உயர்த்த முடியாமல் போகலாம்,
சிலருக்குச் சில மாதம், மிகச் சிலருக்கு நிரந்தரமாக.

"நெற்றி சுருங்காதாம் அக்கா," என்றான் ஆரூரன்,
"அது நல்லதுதானே."
சிரிப்பு வந்துவிட்டது.
சிரிப்புக்குப் பத்தொன்பது காணாது.

"உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறது?"
டாக்டர் நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.
"அவளுக்கு நோகுது," ஜேர்மனில் தொடங்கினேன்,
"அவளுக்கு அப்பிளைக் கடித்து இரண்டு வருடம்."
அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்,
வேறு யாரும் வந்திருக்கிறார்களா என்று.

கழுவச் சொன்னேன்.

ஊசி ஏறியபோது காதுக்குள் கடல் இரைந்தது.
வெளியே வந்த நீரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன்.
தாதி கிண்ணத்தைச் சரித்துக் காட்டினாள்:
லேசான சிவப்பு. ஒரு கரண்டி குறைய அரைக் கோப்பை.
இவ்வளவுதானா என்று இருந்தது.

இப்போது காலையும் மாலையும்
ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையில் செருகுகிறேன்.
போன கிழமை பன்னிரண்டு. இந்தக் கிழமை பதினான்கு.
விசாரணைக் கந்தோர் இரண்டு தடவை அழைத்தது.
வாயில் குச்சி இருந்தது.

வியாழக்கிழமை ஒன்பதாம் இலக்க ட்ராமில்
கொட்டாவி ஒன்று கிளம்பி வந்தது.
பழக்கித் தந்தபடி முட்டியை நாடிக்கடியில் முண்டுகொடுத்தேன்,
டிக் கேட்கிறதா என்று காத்துக்கொண்டு.
கேட்டது. சின்னதாக.
எதிரே இருந்த தொப்பிக்காரருக்கும் அது தொற்றியது.
கையால் மூடக்கூட இல்லை மனிசன்.
கண்ணாலேயே அளந்தேன்:
ஐம்பது இருக்கும்.